பாஸ் கிதார்க்காரன் கேட்ட உஷா உதுப்

ஒரு பாடகரின் மிகச் சிறந்த பாட்டுகள் எவை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை, விற்ற இசைத்தட்டுகளின் கணக்கை வைத்திருக்கும் கம்பெனிக்காரருக்கும், வாராவாரம் விமர்சனம் எழுதும் பத்திரிகைக்காரருக்கும், மனம் போனபடி தலையாட்டி மகிழும் ரசிகருக்கும் உண்டு என்றால், பாடகருக்குப் பின்னால் அரையிருளில் நின்றுகொண்டு, எவரும் கவனியாத கனத்த நான்கு தந்திகளை நள்ளிரவு வரையில் மீட்டிக்கொண்டிருக்கும் பாஸ் கிதார்க்காரனுக்கும் அவ்வுரிமையில் சிறு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். அந்தப் பங்கை உத்தேசித்தே, கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களில் ஜீவனம் நடத்திய நான், அத்தெருவின் பெருமைகளில் முதன்மையானவர் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் உஷா உதுப்பின் பாட்டுகளைப் பற்றி எழுதத் துணிகிறேன். அவருடைய குழுவில் நான் ஒருபோதும் இருந்ததில்லை. அவர் பாடிப் பிரபலமாக்கிய பாட்டுகளை, அவரைப் பார்த்துப் பாட வந்த வேறு பாடகிகளுக்குப் பின்னால் நின்று ஆண்டுக்கணக்கில் வாசித்தவன் என்பதே என் யோக்கியதை.

1947-இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்துச் சங்கீத வகுப்பில் குரல் ஆண்பிள்ளைக் குரலாக இருக்கிறதென்று ஒதுக்கப்பட்ட அப்பெண், 1969-இல் சென்னை மௌண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் கட்டிடத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் என்னும் இரவு விடுதியில் முதன்முதலாகத் தொழில்முறையில் பாடி, அதே ஆண்டில் கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள ட்ரிங்காஸ் விடுதிக்கு வந்து சேர்ந்தார். விடுதிப் பாடகி என்றால் குட்டைக் கவுனும் பளபளக்கும் உடையும் என்பது சம்பிரதாயமாயிருந்த அக்காலத்தில், காஞ்சிபுரம் பட்டுப் புடவையும், தலை நிறையப் பூவும், முழங்கை வரையில் கண்ணாடி வளையலும், நெற்றியில் கால் ரூபாய் அகலத்துக்குப் பொட்டுமாக மைக்கின் முன் நின்று, ஆண்கள் பாடும் ஸ்தாயியில் அமெரிக்கப் பாட்டுப் பாடினால் கேட்பவர்கள் திகைக்காமல் என்ன செய்வார்கள்? பிற்காலத்தில் அந்தப் பொட்டின் நடுவே வங்காள எழுத்தில் 'க' என்று கல்கத்தாவின் முதலெழுத்தும் வந்து உட்கார்ந்தது; புடவைத் துணியில் தைத்த ரப்பர் அடிச் செருப்பும் சேர்ந்துகொண்டது. இத்தனை ஆடம்பரமும் வேஷம்தான். ஆனால் அவ்வேஷத்தில் எங்கள் லேக் மார்க்கெட் மாமிகள் அனைவரும் தங்களைக் கண்டுகொண்டார்கள்.

எங்கள் குடும்பம் அந்த லேக் மார்க்கெட்டைச் சேர்ந்தது. தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் குடியேறி, கறிவேப்பிலையும் காப்பிக்கொட்டையும் விற்கும் கடைகளையும், சங்கீத சபையையும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் உண்டாக்கி வைத்திருந்த அந்த வட்டாரத்தில், மிருதங்கம் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்ட பிள்ளை சாராயம் ஊற்றும் ஹோட்டலில் கிதார் வாசிக்கிறான் என்ற செய்தி எத்தகைய வரவேற்பைப் பெற்றிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். என் தாயார் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் ஆங்கிலப் பத்திரிகையில் உஷாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இந்தப் பொண்ணா அங்க பாடறா? ஆத்துலேருந்து நேரா கச்சேரிக்கு வந்த மாதிரின்னா இருக்கா!" என்றாள். அன்றிரவு நான் திரும்பியபோது சாதம் மூடி வைக்கப்பட்டிருந்தது. என் தொழிலுக்கு வீட்டில் கிடைத்த அனுமதி அவ்வளவுதான். அதை வாங்கிக் கொடுத்தது உஷாவின் புடவை.

அந்நாளைய பார்க் ஸ்ட்ரீட்டைப் பற்றி இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மொக்காம்போவில் பாம் கிரெய்ன் பாடிக்கொண்டிருப்பார். புளூ ஃபாக்ஸில் லூயி பாங்க்ஸ் பியானோவும் பிராஸ் கொன்சால்வஸ் சாக்ஸபோனுமாக ஜாஸ் முழங்கும். ட்ரிங்காஸில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஜாம் ஸெஷனுக்குக் கல்லூரி மாணவர்கள் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலோ-இந்தியர், கோவாக்காரர், நேப்பாளியர் என்று பலரும் நிரம்பியிருந்த அத்தொழிலில் தமிழன் அபூர்வம். ஆகையால் என்னை எல்லாரும் 'மெட்ராஸ்' என்றே அழைத்தார்கள். கல்கத்தாவைத் தவிர வேறு ஊரில் நான் குடியிருந்ததே இல்லை என்பது ஒருவருக்கும் பொருட்டாகப் படவில்லை.

தொழில் நுணுக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். புதிய பாட்டைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு அச்சிட்ட ஸ்வரத்தாள் கிடைக்காது. ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் பழைய தட்டு விற்பவர்களிடம் பேரம் பேசி வாங்கிய இசைத்தட்டே குரு. அதிலும் பாஸ் வாத்தியத்தின் நாதம் மற்றவற்றின் அடியில் அமிழ்ந்திருப்பதால், நிமிஷத்துக்கு 45 சுற்றுச் சுழலவேண்டிய சிறு தட்டை 33 சுற்றில் ஓடவிட்டு, நிதானமாகக் காது கொடுத்து, ஒவ்வொரு ஸ்வரமாகப் பொறுக்குவது வழக்கம். அவ்விதம் ஓடவிட்டால் பாட்டின் வேகம் குறைவதோடு சுருதியும் இறங்கும்: ஷட்ஜம் ஏறக்குறைய மந்தர பஞ்சமத்தில் வந்து உட்காரும். பெக்கி லீயோ, கானி பிரான்சிஸோ அவ்வேகத்தில் பாடக் கேட்டால், இழுவையை நீக்கிப் பார்த்தால், குரல் உஷாவின் ஸ்தாயிக்கு வந்துவிட்டிருக்கும். மேல்நாட்டுப் பாடகிகளின் பாட்டை உஷாவைப் போலப் பாட விரும்பிய பெண்களுக்கு நாங்கள் சுருதி இறக்கிய அளவும் பெரும்பாலும் அதுவே. இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பாடகியின் சாரீரம் தாழ்ந்து வரும்போது பாஸ் தன் மேல் தந்திகளில் உலாவினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப்போகும். ஆகவே இன்னும் கீழே, தடித்த ஈ தந்தியின் பக்கமாகவே ஒதுங்கி, குறைவான ஸ்வரங்களை நிறுத்தி வாசிக்கவேண்டும். உஷாவின் பாட்டுகள் எனக்கு அடக்கம் கற்பித்தன என்று பிறர் சொன்னால் நகைப்பேன். என் விரல்களைப் பொறுத்தமட்டில் உண்மை அதுவே.

இனிப் பாட்டுகளுக்கு வருகிறேன். முதலிடத்துக்குரியது 'ஜம்பலாயா' என்பதில் எனக்கு ஐயமில்லை. ஹாங்க் வில்லியம்ஸ் 1952-இல் வெளியிட்ட அப்பாட்டை, லூயிசியானாவின் சதுப்பு நிலத்து மக்களுடைய விருந்துக் கொண்டாட்டத்தை வருணிக்கும் அதனை, உஷா ஐயர் என்ற தம் அந்நாளைய பெயரில் அறுபதுகளின் இறுதியில் வந்த சிறு தட்டில் அவர் பாடியிருக்கிறார். முழுப் பாட்டுக்கும் இரண்டே கார்டுகள், அதாவது ஸ்வரக்கூட்டுகள். வாத்தியக்காரனுக்கு அதைவிடச் சலிப்பூட்டும் பாட்டு உலகில் இல்லை என்று தோன்றும்; பாடத் தெரியாதவர் பாடினால் மூன்றாவது அடியிலேயே அது செத்துவிடும். இரண்டு கார்டுகளுக்குள் ஒளிந்துகொள்ள இடமில்லை. எல்லாம் சொல்லின் மேல் விழும் அழுத்தத்திலும், அடுத்த அடியைச் சபைக்கு விட்டுக்கொடுக்கும் தருணத்தைக் கண்டுபிடிப்பதிலுமே இருக்கிறது. அந்தத் தருணத்தை உஷா அறிந்தவர்.

எழுபதுகளின் லோட்ஷெடிங் நாட்களில் ஒருநாள், எங்கள் ஹோட்டலில் ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி இப்பாட்டைப் பாதி பாடியிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டுபவர் சாப்பிடப் போயிருந்தார். என் ஆம்ப்ளிஃபையர் ஊமையாயிற்று, கீபோர்டும் ஊமை, மைக்கும் ஊமை. டிரம் வாசித்தவர் மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தார். அப்பெண்மணி மேடையை விட்டிறங்கி, மேஜைகளுக்கு நடுவே நடந்துகொண்டே வெறுங்குரலில் தொடர்ந்தார். அதைப் பார்த்த மார்வாரி வியாபாரி ஒருவர் மேஜையைக் கையால் தட்ட, பக்கத்து மேஜையார் கரண்டியால் தட்ட, சில நிமிஷங்களில் கூடம் முழுவதுமே என் வேலையை எடுத்துக்கொண்டது. மெழுகுவர்த்தியுடன் வந்த பரிசாரகர்கூடக் காலால் தாளம் போட்டுக்கொண்டுதான் வந்தார். விளக்கு வந்தபின் நான் மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன். ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. "எங்கே கற்றீர்கள்?" என்று பிறகு கேட்டேன். ட்ரிங்காஸில் ஜாம் ஸெஷனில் உட்கார்ந்து உஷாவைப் பார்த்துக் கற்றதாகச் சொன்னார்.

இரண்டாவதாக 'ஃபீவர்'. இது பாஸ்காரனின் பாட்டு. 1958-இல் பெக்கி லீ பாடிய வடிவத்தில் பாஸும், டிரம்மும், விரற்சொடுக்கும் தவிர வேறு பக்கவாத்தியமே கிடையாது. போகப்போகப் பாட்டின் சுருதி அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறும். நம் சங்கீதத்தில் ஆதார சுருதி நடுவில் மாறுவதென்பது முகூர்த்தத்தில் மாப்பிள்ளை மாறுவதற்கு ஒப்பு. ஆகவே முதலில் என் காது அதை ஏற்க மறுத்தது. உஷா பாடக் கேட்டபோதுதான் அதன் சூட்சுமம் விளங்கிற்று: ஒவ்வொரு தடவையும் சுருதி ஏற, மற்றப் பாடகிகள் குரலை உயர்த்திக் கூவுவார்கள், அவரோ ஏறிய சுருதியிலும் குரலின் கனத்தைக் குறைக்காமல், ஏறாதவரைப் போலவே நிற்பார். அடியில் பாஸ் படியேறும், மேலே குரல் அசையாது. அந்த முரண்பாட்டில் பிறக்கும் சிருங்கார ரசத்துக்கு உடலைக் குலுக்கவேண்டிய அவசியமே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் விரல் சொடுக்கினாலே போதும்.

இவ்விடத்தில் ஒரு விலகல். அந்நாட்களில் மேஜைகளிலிருந்து காகிதக் கைக்குட்டையில் எழுதி வரும் வேண்டுகோள் சீட்டுகளில், இங்கிலாந்தின் எல்டன் ஜான் பெயர் அடிக்கடி வரும்: 'யுவர் ஸாங்', 'டேனியல்', 'கிராக்கடைல் ராக்'. ஆடம்பரத்தில் அவர் உஷாவுக்கு அண்ணன். இறகுத் தொப்பியும் விதவிதமான மூக்குக்கண்ணாடியுமாகப் பியானோமேல் தாவும் படங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் பெர்னி டாப்பின் எழுதிக் கொடுக்கும் சொற்களுக்கு அவரே மெட்டமைப்பவர்; அவருடைய கார்டுகளின் அடியில் எதிர்பாராத ஸ்வரம் நிற்கும்; அவர் குழுவில் பாஸ் வாசித்த டீ மர்ரேயைப் பின்பற்ற முயன்று நான் தூக்கமிழந்த இரவுகள் பல. உஷாவோ பெரும்பாலும் பிறர் மெட்டை எடுத்துப் பாடுபவர். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கீர்த்தனை தாமே இயற்றாத கர்நாடக வித்துவானைக் குறை சொல்ல எவரும் துணிவதில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

ஹிந்தித் திரைப்படப் பாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உலகம் அவரை அறிந்தது அவற்றால்தான்: ராகுல் தேவ் பர்மனின் இசையில் 1978-இல் 'ஷாலிமார்' படத்தின் 'ஒன் டூ சா சா சா', 1980-இல் 'ஷான்' படத்தின் தொடக்கப் பாட்டு, பப்பி லாஹிரியின் இசையில் 'ஹரி ஓம் ஹரி', 'ரம்பா ஹோ', 1982-இல் 'டிஸ்கோ டான்ஸர்' படத்தின் 'கோயி யஹாங் நாச்சே நாச்சே'. துர்க்கா பூஜைக்குப் பின் பேட்டைதோறும் நடக்கும் ஃபங்ஷன்களில் இவற்றைப் பாடாமல் எந்தப் பாடகியும் மேடையை விட்டு இறங்க முடியாது. எங்கள் வீட்டு வாடகை சில மாதங்கள் 'ரம்பா ஹோ'வினாலேயே கொடுக்கப்பட்டது. ஆயினும் உண்மையைச் சொல்வதானால், இவற்றில் பல மேல்நாட்டு டிஸ்கோ மெட்டுகளின் சாயை. லயம் யந்திரத்தைப் போலச் சமமாக ஓடுவதால் உஷாவின் விசேஷமான நிறுத்தத்துக்கும் தாமதத்துக்கும் அவற்றில் இடமில்லை. 'ஷான்' பாட்டை மட்டும் விலக்குவேன். அதில் பர்மன் அவர் குரலின் கீழ்ப்பகுதியை அறிந்து மெட்டமைத்திருக்கிறார்.

'மலைக்கா'வை நான் வேறிடத்தில் வைக்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலிப் பாட்டு அது. பரியப்பணம் இல்லாமையால் காதலியை மணக்கமுடியாத ஏழை ஒருவனின் முறையீடு. மிரியம் மகேபா அதை உலகெங்கும் பரப்பினார். உஷா கென்யாவிலேயே பாடி அந்நாட்டாரின் மனத்தைக் கவர்ந்து கௌரவப் பிரஜையாகவும் ஆக்கப்பட்டார். ஆண் பாடவேண்டிய சொற்களைப் பெண்குரல் பாடுகிறது; ஆனால் உஷாவின் குரலில் அந்த விகற்பம் தோன்றுவதில்லை. சிறுவயதில் வகுப்பை விட்டு ஒதுக்கச் செய்த அக்குரலுக்கென்றே எவரோ இதை இயற்றினாற்போல இருக்கும். பொட்டும் பட்டுமாக நிற்கும் அவர் அப்பாட்டின்போது மட்டும் சிறிது நேரம் கைவளையலைக்கூட அசைப்பதில்லை. இதற்கு நான் வாசிக்கவேண்டிய ஸ்வரங்கள் மிகச் சில. என் வாழ்க்கையில் மிகுந்த சிரத்தையுடன் வாசித்தவையும் அவையே.

எண்பதுகளின் தொடக்கத்தில் இம்மாதிரிப் பாட்டுகளுக்கு ஒரு சோதனை வந்தது. மேற்கு வங்க அமைச்சர்களில் ஒருவராயிருந்த ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாட்டு 'அபசம்ஸ்கிருதி' என்று கண்டித்து, அரசாங்க அரங்குகளில் அவருக்கு இடமில்லை என்றார். நாட்டியமும் கூத்தும் பக்தியும் நாத்திகமும் ஒரே தெருவில் வாழும் இந்நகரத்தில் கிதார் மட்டும் கலாசாரத்தைக் கெடுத்துவிடும் என்று எண்ணியது விந்தைதான். கேளிக்கை வரியாலும் மின்வெட்டாலும் முன்னமே மெலிந்திருந்த எங்கள் பிழைப்பு அச்சமயம் மேலும் மெலிந்தது; ஃபங்ஷன் ஏற்பாடு செய்தவர்களில் சிலர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். உஷா உயர் நீதிமன்றத்துக்குச் சென்று வழக்காடி வென்றார். அந்தத் தீர்ப்பு அவருக்கு மட்டும் சேர்ந்ததென்று நாங்கள் கருதவில்லை.

தமிழில் அவருக்குப் போதிய பாட்டுகள் கிடைக்காதது நம் துரதிருஷ்டம். 1975-இல் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில், அதுவும் குன்னக்குடி வைத்தியநாதனின் இசையில், ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடினார். 1990-இல் மணிரத்னத்தின் 'அஞ்சலி'யில் இளையராஜா கொடுத்த 'வேகம் வேகம்' என்னும் பாட்டே தமிழில் அவருடைய சிகரம். அதன் பாஸ் ஓட்டத்தைக் கேட்டுவிட்டு, நான் பார்க் ஸ்ட்ரீட் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வந்து கேஸட்டைப் போட்டுக் காட்டினேன். கோவாக்காரரான எங்கள் கீபோர்டு கலைஞர் மறுபடியும் மறுபடியும் பின்னோட்டி ஓட்டிக் கேட்டார். இளையராஜாவின் பாஸ் ஒருகணமும் சும்மா இராது. குரலைத் துரத்திக்கொண்டே ஓடும். தாழ்ந்த சாரீரத்தின் அடியில் பாஸ் அடங்கியிருக்கவேண்டும் என்று முன்னே நான் சொன்ன விதியை அப்பாட்டு முற்றிலும் பொய்யாக்குகிறது. விதி என்னைப் போன்ற கூலிக்காரர்களுக்கு, அவருக்கல்ல.

அறுபது வயதைக் கடந்தபின் வந்த 'டார்லிங்'கையும் விடமுடியாது. 2011-இல் வெளியான 'ஸாத் கூன் மாஃப்' படத்துக்காக விஷால் பரத்வாஜ், ரஷ்யாவின் பழம்பாட்டான 'கலிங்கா'வின் மெட்டைத் தழுவி அமைத்தது. ரேகா பரத்வாஜும் உஷாவும் சேர்ந்து பாடி, அவ்வாண்டுக்குரிய ஃபிலிம்ஃபேர் பரிசை இருவருமாகப் பெற்றார்கள். மெல்லிய குரல் ஒன்றின் பக்கத்தில் நிற்கும்போது உஷாவின் குரல் எத்தனை கனமானது என்பது அப்பாட்டில் தெரிவதுபோல வேறெங்கும் தெரிவதில்லை. பத்மஸ்ரீயும் அதே ஆண்டில் வந்தது. பத்மபூஷணுக்கு 2024 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

என் விரல் மூட்டுகள் இப்போது கனத்த தந்தியை அழுத்த மறுக்கின்றன. வாத்தியத்தைப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டேன். ஆனாலும் கல்கத்தாவுக்கு வரும் தமிழர்கள் காளிகட்டையும் தட்சிணேசுவரத்தையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ட்ரிங்காஸில் இன்றும் மாலை வேளைகளில் நேரடி இசை உண்டு. போய் உட்காருங்கள், மேடைக்கு எதிரே இடம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, பாஸ் வாசிப்பவர் நிற்கும் பக்கமாக ஒரு மேஜை கேளுங்கள், சீட்டில் 'ஜம்பலாயா' என்று எழுதி அனுப்புங்கள். பாடகி எவராயிருந்தாலும் அந்தப் பாட்டு அவருக்குத் தெரிந்திருக்கும்.